புது மோட்டார் சைக்கிளுக்கு ரன்னிங் இன்: திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

நிலாவெளி வீதியில் ஒரு சின்ன ஸ்பெயார் பார்ட்ஸ் கடையும் அதோடு ஒட்டின ஒரு கராஜும் எனக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் வேலையாக இருந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. இப்போது சீற்றில் பொலித்தீன்கூடக் கழற்றாத பைக்குகள் கடை வாசலில் வந்து நிற்கின்றன. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் புது பைக். வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாலு பேருக்குப் பதில் சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணை, ரன்னிங் இன் எண்டா என்ன? புது இஞ்சின்தானே, எடுத்த உடனே முறுக்கி ஓடினா என்ன நடக்கும்?

வீட்டில் அம்மி இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். புதிதாகக் கொத்திய அம்மியில் முதல் தடவை அரைத்ததை யாரும் கறியில் போடமாட்டார்கள். அரிசியோ உப்போ வைத்து இரண்டு மூன்று தரம் அரைத்து, கல்தூளோடு வழித்து வீசின பிறகுதான் மிளகாய் ஏறும். உங்கள் பைக்கின் சிலிண்டர் சுவரும் அப்படிக் கொத்தினதுதான். ஹோனிங் என்று சொல்லி, சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையில் போட்டு அனுப்புகிறார்கள். கீறலின் பள்ளத்தில் ஒயில் தங்கும். மேடுகளை, உள்ளே மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனைச் சுற்றி மாட்டின ரிங் உரசி உரசித் தட்டையாக்கும். ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகிற அந்தக் காலம்தான் ரன்னிங் இன்.

நன்றாகப் பொருந்தினால் மேலே எரிகிற வாயு கீழே ஒழுகாது, கீழே கிடக்கிற ஒயில் மேலே ஏறாது. பொருந்தாவிட்டால் இழுவை குறையும், ஒயில் எரியும். முதல் நாளே கடுமையாக முறுக்கினால் அந்த மேடுகளில் சூடு கூடி ரிங்கும் சுவரும் கீறுப்படும். ரிங் மட்டுமில்லை, கியர் பற்கள், கிளச் பிளேட், கேம் எல்லாமே இந்தக் காலத்தில்தான் ஒன்றோடொன்று பழகுகின்றன.

எத்தனை கிலோமீற்றர் வரைக்கும் பாத்து ஓடணும்? ஒருத்தர் 500 எண்டுறார், ஒருத்தர் 2000 எண்டுறார்.

உங்கள் பைக்கோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். ஹொண்டாவின் புத்தகங்கள் முதல் 500 கிலோமீற்றரைச் சொல்லும். யமஹா 1000 வரை ஒரு கட்டம், அங்கிருந்து 1600 வரை கொஞ்சம் தளர்ந்த இன்னொரு கட்டம் என்று பிரிக்கும். புத்தகத்தைத் தொலைத்தவர்கள் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 500இல் அதிகக் கவனம், அடுத்த 500இல் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தளர்த்துங்கள். 999 வரை பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போகிற மாதிரிப் போய்விட்டு 1000 ஆனதும் 100இல் பறக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இஞ்சினுக்கு மீற்றர் வாசிக்கத் தெரியாது.

ரன்னிங் இன் முடியும்வரை நாப்பதிலேயே போகணும் எண்டு அப்பா சொல்றார். சரிதானே?

பாதி சரி. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

அப்பா சொல்வது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் காலத்தில் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் நிறைய. அவற்றில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகும். புதுசில் கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் பிஸ்டன் வீங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், ஓடுகிற பைக் அப்படியே வழுக்கி நிற்கும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் வாங்கியது ஃபோர் ஸ்ட்ரோக். இதில் ஒயில் தனியாக இருந்து பம்ப் மூலம் சுற்றுகிறது. இதற்கு வேகத்தைக் காட்டிலும் பெரிய எதிரி ஒன்று உண்டு: ஒரே மாதிரி ஓடுவது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்தப் பலம் மட்டுமில்லை. மேலே எரிகிற வாயு ரிங்கின் பின்பக்கத்துக்குள் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. முறுக்கினால் அழுத்தம் கூடும், ரிங் சுவரோடு ஒட்டும். கையை விட்டால் சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகி ஒயில் கொஞ்சம் மேலே இழுபடும், உரசின தூளைக் கழுவும், சூட்டையும் தணிக்கும். இந்த இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். டொப் கியரில் நாற்பதில் வைத்துக்கொண்டு கையை அசைக்காமல் புல்மோட்டை வரை போனால் இரண்டுமே சரியாக நடக்காது. கொத்தின அம்மியில் ஒன்றும் வைக்காமல் குழவியைச் சும்மா உருட்டினால் என்ன ஆகும்? கொத்தலும் தேயாது, மேலே மட்டும் வழவழப்பு ஏறும். சிலிண்டரிலும் அதே கதைதான். கீறல்களின் மேல் ஒயில் சுட்டுக் கண்ணாடி மாதிரிப் படிந்துவிடும். அதற்குப் பிறகு ரிங் உட்காரவே உட்காராது.

ஆகவே 30இலிருந்து 45க்கு இதமாக ஏற்றுங்கள், கையை விட்டுத் திரும்ப 30க்கு இறங்க விடுங்கள், கியரை மாற்றுங்கள். நகரத்துக்குள் ஓடினால் இது தானாக நடக்கும், மூன்றாம் கட்டைச் சந்தியும் ஆட்டோக்களும் உங்களைச் சும்மா விடாது. கவனம் தேவைப்படுவது நீட்டு வீதியில்தான்.

என்ட பைக்கில ஆர்பிஎம் மீற்றர் இல்ல. எவ்வளவு முறுக்கலாம் எண்டு எப்பிடித் தெரியும்?

இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டுகிற அந்த மீற்றர் இருப்பவர்கள் சிவப்புக் கோடு தொடங்குகிற இடத்தில் பாதியைத் தாண்டாமல் முதல் 500ஐ ஓடட்டும். சிவப்பு 10,000 என்றால் 5,000. இல்லாதவர்கள் எக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் திறக்காதீர்கள். 100, 110 சிசி பைக் என்றால் டொப் கியரில் 45, 50க்குள் இருங்கள். புத்தகத்தில் ஒவ்வொரு கியருக்கும் வேகம் போட்டிருந்தால் அதுவே முடிவு.

இதன் மறுபக்கத்தை யாரும் கேட்பதில்லை. இருபதில் போய்க்கொண்டு டொப் கியரைப் போட்டு, பைக் டக் டக் என்று இருமி உதற உதற இழுப்பவர்கள் இந்த ஊரில் கணக்கில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறார்களாம். அதிகம் முறுக்குவது எவ்வளவு கெடுதலோ அதே அளவு கெடுதல் இதுவும். உதறினால் ஒரு கியர் இறக்குங்கள்.

பூசைக்குக் கொண்டு போக முதல் ஒரு மணித்தியாலம் ஸ்டார்ட்டில விடச் சொல்றாங்க, இஞ்சின் பழகுமாம்.

பழகாது, வேகும். காற்றில் குளிர்கிற இஞ்சினுக்கு நின்ற இடத்தில் காற்று எங்கே? சுமையும் இல்லாததால், மேலே சொன்ன மாதிரி ரிங் அழுந்துவதும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்து ஹெல்மெட் போட்டு வார் இழுத்துக் கட்டுகிற நேரம், அரை நிமிடம், ஒரு நிமிடம், போதும். அப்புறம் முதல் ஒன்றிரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓடுங்கள். குளிர்ந்த இஞ்சினை நியூட்ரலில் வைத்து ரேஸ் பண்ணுவது எந்த வயசு பைக்குக்கும் ஆகாது.

பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் தேசிக்காய் நசுக்குவதற்குத் தடையே இல்லை. முதல் 150 கிலோமீற்றர் புது டயர் வழுக்கும், தேசிக்காய்ச் சாறும் வழுக்கும். எடுக்கும்போது மெதுவாக எடுங்கள், அவ்வளவுதான்.

மனுசியையும் மகளையும் ஏத்தலாமா? கோணேசர் கோவில் ஏத்தம் தாங்குமா?

முதல் 500க்குள் ஆளை ஏற்றவே கூடாது என்றில்லை. ஒருவரை ஏற்றலாம். ஏற்றினால் கியரைக் குறைத்து வைத்து ஓடுங்கள். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரையான ஏற்றம் நீளமானது இல்லை. இரண்டாம் கியரில் ஒரே சீராக ஏறுங்கள், திணறினால் முதலாம் கியர். மூன்றாம் கியரில் முக்கி முக்கி ஏறுவதுதான் பிழை.

பிரேக்கும் புதுசு என்பதை மறக்காதீர்கள். பிரேக் ஷூவோ பேடோ முழுசாகப் பொருந்தச் சில நூறு கிலோமீற்றர் ஆகும், அதுவரை பிடிமானம் கொஞ்சம் குறைவு. கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்துப் பக்கமும் நம்ம ஊர் மான்கள் யாரையும் கேட்டுவிட்டு வீதி கடப்பதில்லை. இடைவெளி விட்டு ஓடுங்கள்.

தம்பி, நான் கிண்ணியாவில இருந்து மீன் கொண்டு போற ஆள். நாளைக்கே பெட்டி கட்டணும், ரன்னிங் இன் பாத்துக்கொண்டு வீட்டில இருக்க ஏலாது.

இப்படி ஒரு மூத்தவர் கேட்டார். கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று அக்கரை போன காலத்திலிருந்து மீன் விற்கிறவர். 2009இல் பாலம் திறந்த பிறகு, ஐஸ் கரைவதற்குள் வியாபாரத்தை முடித்துவிடலாம் என்று சிரித்தார். அவரிடம் போய் ஒரு மாசம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவருக்குச் சொன்னது இதுதான். முதல் இரண்டு கிழமை பெட்டியைப் பாதி நிரப்புங்கள். சுமையோடு புறப்படும்போது கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு முறுக்காதீர்கள், முதலாம் கியரில் மெல்ல எடுத்து முழுசாக விடுங்கள். டொப் கியரை வெறும் பெட்டியோடு திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம். முதல் ஒயிலை 300இலேயே மாற்றுங்கள், இன்னொரு தடவை 800இல். ஒரு போத்தல் ஒயில் கூடச் செலவாகும், பரவாயில்லை. இப்படி ஓடின தொழில் பைக்குகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற பைக்குகளைவிட நல்ல இஞ்சினோடு இருப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அடிக்கடி நின்று, அடிக்கடி கிளம்பி, வேகம் மாறி மாறி ஓடுகிறதே, அதுதான் காரணம்.

மீன் பெட்டி கட்டுபவர்களுக்கு ஒரு விஷயம், ரன்னிங் இன்னோடு சம்பந்தமில்லாவிட்டாலும். பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் நேராகச் செயினில் விழுகிறது. குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

முதல் ஒயில் 500இலயா 1000இலயா மாத்தணும்? ஷோரூமில ஒண்டு சொல்றாங்க, நீங்க ஒண்டு சொல்றீங்க.

ஷோரூம் சொல்கிற கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள், வாரண்டி அதில் தொங்குகிறது. முதல் சேர்விஸுக்குக் கிலோமீற்றரோடு ஒரு நாள் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதற்குப் போக வேண்டும். சேர்விஸ் 1000இல்தான் என்றால் நடுவில் 400, 500இல் ஒரு தடவை மாற்றினால் குற்றமில்லை. ஒயில் வாங்கின பில்லையும் மாற்றின கிலோமீற்றரையும் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாற்ற வேண்டும் என்று வாயால் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். போன மாதம் ஒரு பிள்ளை 1,400இல் பைக்கைக் கொண்டு வந்தான், முதல் ஒயில் மாற்றவேயில்லை. வடித்த ஒயிலை ஒரு தண்ணீர்ப் போத்தலை வெட்டி அதில் பிடித்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சரித்துக் காட்டினேன். கறுப்பு ஒயிலுக்குள் வெள்ளிப்பொடி தூவின மாதிரி மினுமினுப்பு, சரிக்கிற பக்கமெல்லாம் ஓடியது. ஒயில் வடிக்கக் கழற்றுகிற நட்டின் நுனியிலிருந்ததை விரலால் வழித்தேன், சாம்பல் நிறத்தில் மை மாதிரி வந்தது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தவன் ஒன்றும் பேசவில்லை. அம்மியில் முதலில் அரைத்ததை வீசாமல் 1,400 கிலோமீற்றர் அதிலேயே கறி வைத்திருக்கிறான்.

இந்த மினுமினுப்பு முதல் ஒயிலில் வருவது இயல்பு, பயப்படத் தேவையில்லை. கண்ணால் எண்ணக்கூடிய துண்டுகளாக, தகடாக, பல் உடைந்த மாதிரி வந்தால்தான் ஷோரூமுக்குப் போக வேண்டும். ஃபில்டர் உள்ள பைக் என்றால் அதையும் மாற்றுங்கள். வலை மட்டும் உள்ள பைக் என்றால் அதைக் கழுவிப் பூட்டச் சொல்லுங்கள்.

மாமா காருக்குப் போட்ட ஒயில் அரைப் போத்தல் மிச்சம் இருக்கு, நல்ல விலை கூடின ஒயில். ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். இதை என் சொந்தச் செலவில் படித்தேன். எனது முதல் புது பைக்குக்கு, அப்போது நான் கராஜ் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை, சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த கார் ஒயிலை ஊற்றினேன். இரண்டு நாளில் கோணேசர் கோவில் ஏற்றத்தில் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, பைக் ஏறவில்லை. இறங்கித் தள்ளினேன். கோவிலுக்கு நடந்து வந்த கூட்டம் முழுக்கப் பார்த்தது. அதிலும் ஒரு பாட்டி, "புதுசா தம்பி?" என்று வேறு கேட்டார்.

கியர் உள்ள பைக்குகளில் இஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் பெரும்பாலும் ஒரே ஒயில்தான், கிளச் அந்த ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. கார் ஒயில்கள் பலவற்றில் உரசலைக் குறைக்கிற மருந்து கலந்திருப்பார்கள். காருக்கு அது பெற்றோலை மிச்சப்படுத்தும், நனைந்த கிளச்சுக்கோ வழுக்கும். போத்தலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கான அடையாளம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்கிற தடிப்பு எண் உங்கள் புத்தகத்தில் உள்ளதுதான், கடைக்காரர் கையில் அகப்பட்டது இல்லை. நானும் கடைக்காரன்தான், அதனால் சொல்கிறேன்.

முதலிலேயே சிந்தெட்டிக் ஒயில் போட்டா நல்லம்தானே?

தொழிற்சாலையில் ஊற்றி அனுப்பியது எதுவோ அதிலேயே முதல் கட்டம் ஓடட்டும். புத்தகம் மினரல் ஒயில் என்று சொன்னால் 1000, 2000 வரை அதுவே போதும். அதற்குப் பிறகு ஆசை இருந்தால் மாறலாம்.

95 பெற்றோல் அடிச்சா இஞ்சின் கெதியா செட் ஆகுமா?

ஆகாது. 92, 95 என்பது பெற்றோல் தன் நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். அழுக்கு, சுத்தம், பலம் எதையும் அது சொல்வதில்லை. உங்கள் 100, 125 சிசி இஞ்சினில் அமுக்கம் அவ்வளவு இல்லை, 92 தாராளம். அந்த வித்தியாசக் காசைச் சேர்த்து வைத்தால் மேலே சொன்ன நடுவில் மாற்றுகிற ஒயிலுக்குக் காணும்.

சைலன்சரில புகை வருது, கருகின மணம் அடிக்குது, இஞ்சின் பக்கம் கால் வைக்க ஏலாத சூடு. புது பைக்கில இப்பிடியா?

மூன்றுக்கும் மூன்று பதில். மணம், சைலன்சரிலும் இஞ்சினிலும் பூசின காப்பு ஒயிலும் பெயின்றும் வேகிற மணம். சில நாளில் போய்விடும். காலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து ஓட ஓட மறைவது நீராவி, மார்கழி மழைக்குள் எல்லாப் பைக்கும் அப்படித்தான். சூடு, புதுசில் உரசல் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், 1000க்குப் பிறகு நீங்களே வித்தியாசத்தை உணர்வீர்கள்.

பார்க்க வேண்டியது நீலப் புகை. ஓடி முடித்துச் சூடான பிறகும் நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் இலேசாக வந்து நின்றுவிட்டால் சரி. நிற்காவிட்டால் எவரையும் திறக்க விடாமல் வாரண்டியில் காட்டுங்கள். பெற்றோல் அதிகம் குடிக்கிறது என்பதும் இதே கணக்குத்தான், ரிங் பொருந்தப் பொருந்தக் குறையும். முதல் தாங்கிப் பெற்றோலை வைத்துக் கணக்குப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

ஸ்கூட்டிக்கும் இதெல்லாம் உண்டா? அதில கியர் இல்லையே.

சிலிண்டரும் ரிங்கும் இருக்கிறதே, உண்டு. கியர் மாற்ற வழியில்லாததால் கை ஒன்றுதான் கருவி. சந்தியில் பச்சை விழுந்ததும் முழுசாகத் திருகுவதை விடுங்கள். உள்ளே இருக்கும் பெல்ற்றும் புதுசு. ஸ்கூட்டியில் பின் சக்கரப் பக்கம் கியர் ஒயில் என்று தனியாகக் கொஞ்சம் இருக்கும், முதல் சேர்விஸில் அதையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தொடுவதில்லை.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்கு மட்டும் ஸ்கூட்டி எடுக்கிற அக்காமார், இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. ஒயிலில் ஈரமும் பெற்றோலும் தங்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது குச்சவெளிப் பக்கம் போய் வாருங்கள், போக வர 70 கிலோமீற்றர் அளவில் வரும். வேகத்தை மாற்றி மாற்றித்தான்.

அவசரமா கொழும்புக்குப் போகணும் அண்ணை, பைக் 300தான் ஓடியிருக்கு.

பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அதையும் மீறிப் போகத்தான் வேண்டும் என்றால் இப்படிப் போங்கள். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். கந்தளாயில் ஒரு தேத்தண்ணி, ஹபரணையில் ஒன்று, தம்புள்ளையில் ஒன்று, அதற்குப் பிறகும் இதே மாதிரி என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே வேகத்தில் இருக்காதீர்கள். புறப்படுமுன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள்.

வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த வீதியில் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். வழக்கமாக 50இல் போகிற அதே முறுக்குக்கு 42தான் போகும். காற்றோடு மல்லுக்கட்டி முறுக்காமல், வருகிற வேகத்தை எடுத்துக்கொண்டு ஒரு கியர் இறக்கிப் போங்கள். விடியமுன் புறப்படுவதையும் விடுங்கள், கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை நடமாடுகிற காடு. அங்கே ரன்னிங் இன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் கவனமாத்தான் ஓடினேன். தம்பி ஒருநாள் களவா எடுத்துப் போய் 95இல ஓடிட்டான். இஞ்சின் முடிஞ்சுதா?

இல்லை. ஒரு தடவை, சில நிமிடம், இஞ்சின் சூடாக இருந்த நேரத்தில் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒயில் மட்டத்தைப் பாருங்கள், புதுச் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று கவனியுங்கள், பழையபடி ஓடுங்கள். மனம் கேட்காவிட்டால் ஒயிலை முந்தி மாற்றிவிடுங்கள். தம்பியின் விஷயத்தை உங்கள் வீட்டில்தான் தீர்க்க வேண்டும்.

வீடியோவில முதல் நாளே நல்லா முறுக்கி ஓடினாத்தான் ரிங் உக்காரும் எண்டுறாங்க. நீங்க சொல்றதுக்கு நேர் எதிர்.

முழுக்க எதிர் இல்லை. அவர்களும் நான் மேலே சொன்ன அழுத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்: சுமை இருந்தால்தான் ரிங் அழுந்தும், கீறல்கள் கூராக இருக்கிற முதல் கொஞ்ச தூரம் முக்கியம். அதுவரை உண்மை. பந்தய இஞ்சின் கட்டுகிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள், இரண்டு நாளில் திரும்பப் பிரித்தும் பார்க்கிறார்கள். உங்கள் பைக்கை லீசிங் கட்டி முடிக்கும்வரை பிரிக்காமல் ஓட வேண்டுமே. ரிங்குக்கு நல்லதாக இருக்கிற முறுக்கு, இன்னும் பொருந்தாத கியருக்கும் பேரிங்குக்கும் நல்லது என்று யார் சொன்னது?

நடுவழி ஒன்று உண்டு, நான் செய்வதும் அதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத நேரான இடத்தில், இரண்டாம் மூன்றாம் கியரில் பாதி முறுக்கு வரை சற்றுத் திடமாக ஏற்றி, உடனே கையை விட்டு இஞ்சினாலேயே வேகம் குறைய விடுவேன். ஒரு ஓட்டத்தில் ஏழெட்டுத் தடவை. புத்தகம் சொன்ன எல்லையைத் தாண்டுவதில்லை.

பழைய பைக்குக்குப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கு. அதுக்கும் ரன்னிங் இன்னா?

புது பைக்கைவிடக் கூடுதலாக. போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்தான் ஓவர்சைஸ். தொழிற்சாலையில் வேலை ஒரே அளவில் நடக்கும், லேத்தில் செய்த வேலை கையைப் பொறுத்தது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட்ட இடைவெளி கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் சூட்டில் வீங்கிப் பிடிக்கும். முதல் நாள் பத்துக் கிலோமீற்றர் ஓடி முழுசாக ஆற விடுங்கள், இப்படி மூன்று நாலு தடவை. போர் பண்ணின தூள் எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும், அதனால் முதல் ஒயிலை 100 கிலோமீற்றருக்குள் வடித்துவிடுங்கள், அடுத்தது 500. ஹோனிங் போட்டாரா என்று லேத் காரரிடம் கேளுங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது, பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினால் திரும்பக் கொடுத்துக் கீறல் போட்டு வாங்குங்கள்.

1000 முடிஞ்சுது. ரிங் ஒழுங்கா உக்காந்துதா எண்டு பிரிக்காம எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

ஒயில் மட்டம்தான் முதல் சாட்சி. மாற்றின அன்று மேல் கோட்டில் நிறுத்துங்கள். பைக்கை நடு ஸ்டாண்டில் நேராக வைத்து, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சரித்து வைத்துப் பார்த்துவிட்டு ஒயில் குறைகிறது என்று ஓடி வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அடுத்த 500 கிலோமீற்றரில் மட்டம் அசையாமலோ மிகக் கொஞ்சமாகவோ இறங்கினால் பொருந்திவிட்டது. கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் எங்கோ பிழை.

இரண்டாவது, ஏற்றம் இறங்கும்போது கியரில் வைத்துக் கையை முழுசாக விட்டுவிட்டு, கீழே வந்ததும் ஒரு தடவை முறுக்குங்கள். பின்னால் வருகிற கூட்டாளியைச் சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமாகக் குப்பென்று புகை வந்தால் ஒயில் மேலே ஏறுகிறது. அது வால்வ் சீலாகவும் இருக்கலாம், ரிங்காகவும் இருக்கலாம். எதுவென்று பார்க்கக் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துச் சிலிண்டரின் அமுக்கத்தை அளக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. கோணேசர் கோவில் ஏற்றத்தையே இதற்கும் பயன்படுத்தலாம், காலை ஆறு மணிக்கு முன் என்றால் அங்கே மான்களைத் தவிர வேறு யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள்.